கோயில் பிள்ளை மூஸ் வேட்டைக்குப் போகலாமா? எங்கள் கருத்து

கொஞ்சம் நீளமான பதிவு. பாதி படிச்சிட்டு கமெண்ட் போடாம, முழுசா படிச்சிட்டு திட்டுறதா இருந்தா திட்டுங்க.

மூனு வாரமா நம்ம கோயில் வாட்ஸ்அப் குழுவில் நடக்கிற சண்டை எல்லாருக்கும் தெரியும். தெரியாதவங்களுக்கு மட்டும் சுருக்கமா சொல்றோம். அன்னதான அடுப்படியில் சனிக்கிழமை தவறாம சாம்பாருக்கு நிற்கிற அக்காவோட மகன் பதினைந்து வருஷத்துக்கு முன்னால அமெரிக்காவுக்குப் படிக்கப் போனான். இப்ப ஹூஸ்டனில் வேலை, அந்த நாட்டுக் குடியுரிமையும் வாங்கிட்டான். சின்ன வயசில் தைப்பூசத்துக்கு நம்ம தண்ணீர்ப் பந்தலில் நின்னு மோர் ஊத்தின பையன்தான். அவனும் கூட வேலை செய்யிற ரெண்டு பேரும் அடுத்த செப்டம்பரில் அலாஸ்கா காட்டுக்குப் போய் மூஸ் வேட்டை ஆடப் போறாங்களாம். மூனு பேருக்கும் இதுதான் முதல் தடவை. அம்மாவுக்கு வீடியோ கால் போட்டு ஆசையா சொல்லியிருக்கான். நல்லபடியா போய் வர கோயிலில் என் பேருக்கு ஒரு அர்ச்சனை வைங்கம்மான்னு கேட்டிருக்கான்.

அக்கா மனசில் ஒன்னும் வச்சுக்கத் தெரியாதவங்க. அடுப்படியில் எல்லார் முன்னாலயும் சொல்லிட்டாங்க. அன்றைக்குப் பார்த்து புரட்டாசி மூன்றாம் சனிக்கிழமை.

பிறகு என்ன? "புரட்டாசி மாசத்தில் வேட்டையா?" "கோயில் பிள்ளை உயிரைக் கொல்லலாமா?" "வெளிநாட்டுக்குப் போனா இப்படித்தான்." ஒருத்தர் புலால் மறுத்தல் அதிகாரம் முழுசையும் குழுவில் போட்டார். இன்னொருத்தர் அர்ச்சனை செய்யவே கூடாதுன்னு நிர்வாகத்துக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். அக்கா அதுக்குப் பிறகு ரெண்டு சனிக்கிழமையா அடுப்படிக்கு வரலை. இந்தப் பதிவு எழுதக் காரணமே அதுதான்.

முதல்ல பாவ புண்ணிய விஷயத்தை முடிச்சிடுவோம். நாங்க அன்னதானக் குழுவில் நாலு பேர் உட்கார்ந்து பேசினோம். நாலு பேருக்கும் ஒரே கருத்து இல்லை. எங்களில் மூத்தவர் இருபது வருஷமா சுத்த சைவம், வேட்டைன்னாலே அவருக்கு ஒப்பாது. அவர் சொல்லலாம், அவருக்கு அந்தத் தகுதி இருக்கு. ஆனா குழுவில் கத்தின பாதிப் பேரைப் புரட்டாசி முடிஞ்ச மறுநாள் காலையில் இறைச்சிக் கடை வரிசையில் நாங்க பார்த்தோம். நாங்களும் அதே வரிசையில்தான் நின்னோம், அதனால குறை சொல்லலை. நாம வாங்குறதுல பாதி ஆஸ்திரேலியாவில் வெட்டி, உறைய வச்சு, கப்பல்ல வர்ற ஆடு. அதை யாரு வெட்டினா, எப்படி வெட்டினா, எவ்வளவு வீணாச்சுன்னு நாம ஒரு நாளும் கேட்டதில்லை. தோட்டத்து முனியாண்டிக்குக் கிடா வெட்டிப் பூசை போட்ட பரம்பரைதான் நாம. காளத்தியில் சாமிக்குப் பன்றி இறைச்சி படைச்ச கண்ணப்பர் அறுபத்து மூவரில் ஒருத்தர், வேடர் குலம். நம்ம முருகன் கட்டின வள்ளியை வளர்த்தது வேடர் தலைவன் நம்பிராசன். வேட்டையாடினா கோயிலுக்கு ஆகாதுன்னு சொல்றவங்க இதையும் கொஞ்சம் நினைச்சுப் பார்க்கணும்.

அர்ச்சனை விஷயத்தில் எங்க கருத்து இன்னும் எளிசு. குருக்கள் பேர், நட்சத்திரம்தான் கேட்பார். எங்கே போறே, எதுக்குப் போறேன்னு கேட்க மாட்டார். லோரி ஓட்டுறவனுக்கும் அதே அர்ச்சனைதான், பேங்க் மேனேஜருக்கும் அதேதான். போற பிள்ளை உயிரோட திரும்பி வரணும்னு அம்மா வேண்டுறாங்க. அதைத் தடுக்க நாம யாரு?

இவ்வளவு சொன்னதால நாங்க அவன் பக்கம்னு நினைச்சிடாதீங்க. போன வாரம் ஞாயிற்றுக்கிழமை இரவு, அக்கா வீட்டு மேசையில் உட்கார்ந்து அவனோட ஒன்றரை மணி நேரம் வீடியோ காலில் பேசினோம். அவனோட திட்டம் முழுக்கக் கேட்டோம். கேட்ட பிறகு எங்களுக்குப் பயம் வந்துச்சு. எங்க கருத்து இதுதான்: அவன் போறது தப்பில்லை, இந்தத் தயாரிப்போட அடுத்த வருஷமே போறதுதான் தப்பு. குழுவில் நூறு மெசேஜ் வந்துச்சே, அதுல ஒரே ஒருத்தர்கூட "தம்பி, நீ தயாரா?"ன்னு கேட்கலை.

மூஸ்னா என்னன்னு தெரியாதவங்களுக்கு: மான் இனத்திலேயே உலகத்தில் பெரியது அதுதான். நம்ம காட்டு ருசாவை மனசில் வச்சுப் பார்க்காதீங்க. அலாஸ்காவில் வளர்ந்த கிடா ஒன்னு 540 கிலோவிலிருந்து 720 கிலோ வரைக்கும் வரும். தோள் உயரமே ஆள் உயரத்துக்கு மேல. கொம்பு கிளை கிளையா இல்லாம, உள்ளங்கை விரிச்ச மாதிரி அகலமா இருக்கும்.

அவன்கிட்ட என்னென்ன தயார்னு கேட்டோம். துப்பாக்கி வாங்கியாச்சு. எந்தக் குண்டு, எத்தனை தூரம், எந்தத் தொலைநோக்கி, எல்லாம் மனப்பாடம். பெட்டை மூஸ் மாதிரி குரல் கொடுத்துக் கிடாவை வரவழைக்கிறது எப்படின்னு வீடியோ பார்த்துப் பழகியிருக்கான், எங்களுக்கும் செய்து காட்டினான். (அக்கா சிரிச்சிட்டாங்க. ரெண்டு வாரத்தில் முதல் சிரிப்பு.) உடுப்பு, பூட்ஸ், கூடாரம் எல்லாம் ஆச்சு. சின்ன விமானத்தில் கொண்டு போய்க் காட்டில் இறக்கிவிட்டு, பிறகு வந்து கூட்டிட்டுப் போற கம்பெனிகள் அங்கே இருக்கு. அதுல ஒன்னுகிட்ட பேசி வச்சிருக்கான், முன்பணம் மட்டும் இன்னும் கட்டலை.

அப்புறம் எங்க சமையல் அண்ணன் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, அது கீழே விழுந்திருச்சு. அதுக்கப்புறம்?"

அவன், "வெட்டி எடுத்துக்கிட்டு வரணும் அங்கிள்" என்றான்.

"எவ்வளவு கறி? எங்கேயிருந்து எங்கே? யார் தூக்குறது? எதுல வைக்கிறது? எத்தனை நாள் தாங்கும்?"

பதில் இல்லை. ஆறு மாசமா திட்டம் போட்டவன்கிட்ட அந்தப் பக்கம் மட்டும் வெள்ளைத் தாளா இருந்துச்சு.

எங்களில் ரெண்டு பேர் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். லைன் ஓடுறது மட்டும் திட்டம் இல்லைன்னு எங்களுக்குத் தெரியும். முடிஞ்ச பொருள் வெளியே போக வழி இல்லைன்னா அரை மணி நேரத்தில் லைன் நின்னுடும். அதனால கணக்குப் பார்த்தோம், அக்காவோட நாட்காட்டியின் பின்பக்கத்திலேயே.

பெரிய கிடான்னா, எலும்பு எடுத்த தனி இறைச்சி மட்டும் சுமார் 225 கிலோ. நம்ம அடுப்படிக் கணக்கில் சொன்னா, பத்துக் கிலோ அரிசிப் பை இருபத்திரண்டுக்கு மேல. ஒரு பின்னந்தொடை மட்டும் எலும்போட 50 கிலோவுக்கு மேல வரும். அலாஸ்காவின் சில வட்டாரங்களில் தொடையையும் விலாவையும் எலும்போடதான் காட்டைவிட்டு வெளியே கொண்டு வரணும்னு சட்டமே இருக்கு. ஆளுக்கு 35 கிலோ முதுகில் தூக்கினா, எலும்போட சேர்த்து பத்து நடைக்குக் குறையாது. முகாமிலிருந்து நாலைந்து கிலோமீட்டர் உள்ளே போனா நல்ல கிடா இருக்கும்னு அவன் சொன்னான். ஐந்து கிலோமீட்டர்னா, போக வர பத்து. பத்து நடையை மூனு பேர் பங்கு போட்டா ஒவ்வொருத்தனும் முப்பது நாற்பது கிலோமீட்டர் நடக்கணும், அதில் பாதி தூரம் முதுகில் அரிசி மூட்டை கணக்கா பாரத்தோட. தார் ரோடு கிடையாது. ஈரப் பஞ்சு மாதிரி அமுங்குற சதுப்பு, கால் வச்சா சாயுற புல் முண்டு, ஆளை விடாத புதர்.

பத்துமலை 272 படியைப் பால்குடத்தோட ஏறினவங்க கையைத் தூக்குங்க. அந்தச் சின்னக் குடம் இருநூறாவது படியில் என்ன கனம் கனத்துச்சுன்னு நினைச்சுப் பாருங்க.

அங்கே அனுபவப்பட்டவங்க ஒரு கிலோமீட்டர், ஒன்றரை கிலோமீட்டருக்கு மேல தூரத்தில் நிற்கிற மூஸைப் பார்த்தா ஆசையை அடக்கிட்டு விட்டுடுவாங்களாம். தண்ணிக்குள்ள நிக்கிறதையும் சுட மாட்டாங்க, அறுநூறு கிலோவை மூனு பேர் கரைக்கு இழுக்க முடியாது. பொழுது சாயுற நேரத்தில் சுட்டா இருட்டில் வெட்டணும், அது கரடி இருக்கிற காடு. இதெல்லாம் தெரிஞ்சு, எதைச் சுடக்கூடாதுன்னு போறதுக்கு முன்னாலேயே முடிவு பண்ணி எழுதி வைக்கணும். எதிரே கிடா வந்து நிற்கும்போது மூளை வேலை செய்யாது, கைதான் வேலை செய்யும்.

சமையல் அண்ணன் சொன்ன இன்னொரு விஷயத்தை இங்கே எழுதியே ஆகணும். பெரிய அண்டாவில் சோறு வடிச்சு மூடி வச்சீங்கன்னா மேல ஆறியிருக்கும், நடுவில் கை வைக்க முடியாது. அந்த உள்சூடுதான் சோத்தைப் புளிக்க வைக்கும். அதான் நாங்க அன்னதானத்துக்கு வடிச்ச சோத்தைப் பாயில் பரப்பி விடுறது. "அறுநூறு கிலோ மிருகம், தோலும் முடியும் கம்பளி போர்த்தின மாதிரி. வெளியே குளிர்தானேன்னு நீ நினைப்பே. உள்ளே அண்டா சோறுப்பா" என்றார். அண்ணன் ஆறாம் வகுப்பு வரைக்கும்தான் படிச்சார். பிறகு நாங்க அக்கா மகளை உட்கார வச்சு அலாஸ்கா மீன், வனவிலங்குத் துறையின் கையேட்டையும் மற்ற விவரங்களையும் படிக்கச் சொன்னோம் (எங்க ஆங்கிலம் அரைகுறை). அண்ணன் சொன்னதேதான் அங்கேயும். உடனே தோலை உரிக்கணும், கால்களைத் தனித்தனியா பிரிக்கணும், தொடை எலும்பை ஒட்டின இடம்தான் முதலில் கெடும். பிளாஸ்டிக் பையில் போடக் கூடாது, காற்றுப் போற துணிப் பையில் போட்டு நிழலில் கம்பு கட்டித் தொங்கவிடணும். மழை படாம மேல தார்ப்பாய், ஆனா பக்கமெல்லாம் காற்று வரணும். குடலும் கழிவும் கிடக்கிற இடத்துக்குக் கரடி வரும், அதனால இறைச்சியை அங்கேயிருந்து தள்ளி, தூரத்திலிருந்தே கண்ணுக்குத் தெரியிற இடத்தில் வைக்கணும். மறுநாள் அடுத்த நடைக்குப் போகும்போது சத்தம் கொடுத்துக்கிட்டுப் போகணும்.

அந்தக் கையேட்டில் எங்களுக்குப் பிடிச்சது அவங்க சட்டம்தான். கழுத்து, நெஞ்சு, விலா, நாலு கால், முதுகுத் தண்டை ஒட்டின சதை, இவ்வளவையும் காட்டிலிருந்து எடுத்து வந்தே தீரணும். அழகான கொம்பை மட்டும் அறுத்துக்கிட்டு இறைச்சியைப் போட்டுட்டு வந்தா குற்றம். குறைஞ்சது ஏழு நாள் ஜெயில், 2,500 டாலர் அபராதம். அது மட்டுமில்ல, கொம்பை முதல்ல தூக்கவே கூடாது. இறைச்சி எல்லாம் போன பிறகு, இல்லைன்னா கடைசி நடை இறைச்சியோடதான் கொம்பு கிளம்பணும். முதல்ல வயித்துக்கு, கடைசியில் சுவருக்கு. படிச்சுச் சொன்னப்போ எங்க சைவ மூத்தவரே, "பரவாயில்லையே" என்றார்.

இன்னொன்னும் படிச்சோம். கோயில்காரங்க நாம தெரிஞ்சுக்க வேண்டியது. அலாஸ்காவில் மிண்டோன்னு ஒரு கிராமம், அத்தபாஸ்கன் பழங்குடி மக்கள் வாழுற இடம். 1975-ல் அங்கே ஒரு சாவு. அவங்க வழக்கப்படி இறந்தவருக்காக ஊர் கூடி உண்ணுற சடங்கில் மூஸ் இறைச்சி இருந்தே ஆகணும். அப்போ வேட்டைக் காலம் இல்லை. ஆனாலும் ஊர் ஆம்பளைங்க போய் ஒன்னைச் சுட்டுக் கொண்டு வந்தாங்க. கார்லோஸ் ஃபிராங்க் என்கிறவர் மேல வழக்குப் போட்டு, கீழ்க் கோர்ட்டு தண்டனையும் கொடுத்தது. 1979-ல் அலாஸ்கா உச்ச நீதிமன்றம் அந்தத் தண்டனையை ரத்து செய்தது. அந்த மக்களுக்கு அது சமயச் சடங்கு, அதில் மூஸ் இறைச்சி முக்கியமானது, சமய உரிமை அவங்களைக் காக்கும்னு சொல்லிடுச்சு. இறந்தவருக்குப் படையல் போடுற நமக்கு இது புரியாதா? அந்த ஊரில் மூஸ் விளையாட்டுப் பொருள் இல்லை. குளிர்காலம் முழுக்க அதைச் சாப்பிட்டு வாழுற குடும்பங்கள் இருக்கு. அங்கே போய் நம்ம பிள்ளை ஒரு கிடாவைச் சுட்டு, தூக்க முடியாம பாதியைப் புழுக்க விட்டுட்டு வந்தான்னா, புரட்டாசி முடிஞ்சு சுட்டாலும் அது பாவம்தான்.

பாவம் எதுன்னு நாங்க இப்படிப் பேச ஒரு காரணம் இருக்கு. எங்களில் ஒருத்தரோட அப்பா தோட்டத்தில் பால் மரம் வெட்டினவர். லயத்து ஆளுங்களோட, நாய்களோட, காட்டுப் பன்னி வேட்டைக்குப் போவார். கிடைச்சா பன்னிரண்டு வீட்டுக்கும் பங்கு, வேட்டைக்கு வராத கிழவிக்கும் பங்கு உண்டு. ஒரு நாள் சாயங்காலம் மங்குற நேரத்தில் அவசரப்பட்டுச் சுட்டாங்க. பன்னி அடிபட்டு ஓடி, ஓடை தாண்டி பள்ளத்தில் இறங்கிடுச்சு. இருட்டிப் போச்சு, டார்ச்சு ஒன்னுதான். திரும்பி வந்துட்டாங்க. மூனாம் நாள் அந்தப் பக்கமிருந்து நாத்தம் வந்துச்சு. அப்பா அன்றைக்கு இரவு சாப்பிடலை, அதுக்குப் பிறகு துப்பாக்கியே தொடலை. கொன்னதுக்காக வருத்தப்படலை, தேடாம வந்ததுக்குத்தான்னு அம்மாகிட்ட சொன்னாராம். இதை அந்தத் தம்பிகிட்டயும் சொன்னோம். ரொம்ப நேரம் பேசாம இருந்தான்.

மத்த விஷயங்களை வேகமா சொல்லிடறோம். லீவு ஒன்பது நாள் எடுக்கப் போறானாம், போக வர விமானத்தோட சேர்த்து! காட்டில் இறக்கிவிடுற சின்ன விமானம் மழை, மூடுபனின்னா வராது. இன்றைக்கு வர வேண்டியது மூனு நாள் கழிச்சும் வரலாம். சின்ன விமானத்தில் பறந்து போன அன்றைக்குச் சுடவும் கூடாது, மறுநாள் விடியக்காலை 3 மணிக்குப் பிறகுதான்னு சட்டம், அதில் ஒரு நாள் போச்சு. ஒரே நடையில் மூனு ஆள், சாமான், இறைச்சி எல்லாம் ஏறாது, இறைச்சிக்குத் தனி நடை, தனிக் காசு. தொழிற்சாலையில் இப்படி ஒரு நாள்கூட இடைவெளி விடாம அட்டவணை போட்டா மேனேஜர் நம்ம முகத்திலேயே தூக்கி எறிவார். சாப்பாடு நாலைந்து நாளைக்கு அதிகமா வேணும். லீவும் அதே மாதிரி.

கைப்பேசிக்கு அங்கே லைன் கிடையாது. செயற்கைக்கோள் வழியா மெசேஜ் அனுப்புற கருவி வேணும், மூனு பேருக்கும் அதை இயக்கத் தெரியணும், வச்சிருக்கிறவனே விழுந்துட்டா என்ன செய்றது? கரடியைப் பத்தியே எல்லாரும் பேசுறாங்க. எங்க அனுபவத்தில் ஆளை அடிக்கிறது கத்திதான். களைச்சுப் போன கை, ரத்தத்தில் வழுக்குற பிடி, எலும்பில் பட்டுத் திரும்புற பாராங். தொடையில் ஒரு வெட்டு ஆழமா விழுந்தா ரத்தத்தை நிறுத்தத் தெரிஞ்ச ஆள் யாரு? "ஒருத்தனுக்கு முதலுதவி தெரியும்" என்றான். அந்த ஒருத்தனுக்கே வெட்டு விழுந்தா? அதோட, மூனு பேரில் ஒருத்தனுக்கு ஏற்கெனவே முதுகு வலியாம். பத்து நடையில் அவன் பங்கை யார் தூக்குறது?

அப்புறம் நனையிறது. ஹூஸ்டன் வெயிலில் இருக்கிற பிள்ளை. பருத்தித் துணி நனைஞ்சா சூட்டை உறிஞ்சிடும், அந்த ஊர் செப்டம்பர் மழையில் அது உயிருக்கே ஆபத்து, உறைபனி விழணும்னுகூட இல்லை. இதை மட்டும் அவன் ஏற்கெனவே படிச்சிருந்தான், சபாஷ்னு சொன்னோம்.

சட்டமும் அவனைத் தடுக்கலை, அதுதான் எங்களுக்குக் கவலை. நம்ம மலேசியப் பாஸ்போர்ட்டோட ஒருத்தர் போனா, அலாஸ்காவில் உரிமம் உள்ள வழிகாட்டி இல்லாம பெரிய மிருகம் எதையும் வேட்டையாட முடியாது. இவன் அமெரிக்கக் குடிமகன் ஆயிட்டான். அவங்களுக்கு பழுப்புக் கரடி, மலை ஆடு, டால் செம்மறி, இந்த மூனுக்குத்தான் வழிகாட்டி கட்டாயம், மூஸுக்கு வேண்டாம். அதனால "தனியாவே போகலாம் அங்கிள், சட்டப்படி சரி" என்றான். சட்டம் அனுமதிக்குதுன்னா நீ தயார்னு அர்த்தமா? பதினேழு வயசில் லைசென்ஸ் கொடுக்கிறாங்க, அதுக்காக மறுநாளே கேமரன் மலையில் லோரி ஓட்டச் சொல்வோமா?

கொம்பளவும் இருக்கு. வெளியூர்க்காரங்களுக்குப் பல இடங்களில் கொம்பு அகலம் 50 அங்குலம், அதாவது 127 சென்டிமீட்டர் இருக்கணும், இல்லைன்னா நெத்திக் கிளைகள் இத்தனைன்னு எண்ணிக்கை இருக்கணும். குறைஞ்சதைச் சுட்டா குற்றம். எது சரியான கிடான்னு காட்ட அந்தத் துறையே படம் எடுத்து வச்சிருக்கு. வாழ்க்கையில் ஒரு மூஸ்கூட நேரில் பார்க்காதவன் இருநூறு மீட்டர் தூரத்தில், அசையிற தலையில், அங்குலம் கணக்குப் பண்ணணும். சந்தேகம் இருந்தா சுடாதேன்னு சொல்றது சுலபம், அவ்வளவு காசு செலவு பண்ணிட்டுப் போனவனுக்குச் சந்தேகமே வராது.

அதனால எங்க கருத்து: முன்பணம் கட்டாதே, ஒரு வருஷம் தள்ளிப் போடு. இந்த ஒரு வருஷத்தில் முதல்ல சின்ன மான் வேட்டைக்கு, தெரிஞ்சவங்களோட, உன் டெக்சஸ் மாநிலத்திலேயே போ. உன் கையால் ஒரு மிருகத்தை உரிச்சு, வெட்டி, வீட்டு அடுப்பு வரைக்கும் கொண்டு போய்ப் பாரு. அதுல மனசு ஒப்பலைன்னா அங்கேயே தெரிஞ்சிடும், அலாஸ்கா வரைக்கும் போய்த் தெரிய வேண்டாம். முதுகில் 35 கிலோ கட்டிக்கிட்டு வாரம் ரெண்டு நாள் நட. முதுகு வலிக்காரனை முகாம் காவலுக்கு வச்சுக்கோ, இல்லைன்னா நாலாவது ஆளைத் தேடு. முதல் தடவை வழிகாட்டியோட போ, காசு கூடத்தான் ஆகும். அப்படி முடியலைன்னா, ஏற்கெனவே மூஸ் இறக்கின கை ஒன்னாவது கூட இருக்கட்டும். இறைச்சியில் உனக்கு எவ்வளவு, அங்கே யாருக்கு எவ்வளவு, எந்தத் தாளில் எழுதிக் கொடுக்கணும், இதையும் போறதுக்கு முன்னாலேயே பேசி வை.

முதல் தடவை காவடி எடுக்கிறவன் தைப்பூசத்துக்கு முதல் வாரம் வந்து நின்னா நாம என்ன சொல்வோம்? விரதம் இருந்தியா, பழைய ஆளுங்களோட நடந்து பார்த்தியா, கூட யார் வர்றா, மயங்கி விழுந்தா யார் காவடியை இறக்குவா? இதெல்லாம் கேட்டுட்டுத்தான் தோளில் ஏத்துவோம். அந்தக் கேள்வியைத்தான் இவன்கிட்டயும் கேட்டோம்.

"நீங்க கிழவங்க, பயப்படுறீங்க"ன்னு அவன் நினைச்சிருக்கலாம். அவன் நண்பர்கள் என்ன சொல்வாங்கன்னும் கவலை இருக்கும். செலவு பண்ணின துப்பாக்கி அலமாரியில் ஒரு வருஷம் தூங்கணும். அடுத்த வருஷம் லீவு கிடைக்குமோ, உடம்பு இப்படியே இருக்குமோன்னும் சொன்னான். அது நியாயமான பேச்சுதான், நாற்பதை நெருங்குறவனுக்கு ஒரு வருஷம் சும்மா இல்லை. இன்னும் முடிவு சொல்லலை. ஆனா நேத்து இரவு எங்களுக்கு ஒரு மெசேஜ் வந்துச்சு: துணிப் பை எத்தனை வேணும், தொங்கவிடக் கயிறு எத்தனை மீட்டர்னு சமையல் அண்ணனைக் கேட்டிருக்கான். அண்ணன் கண்ணாடி போட்டுக்கிட்டு உட்கார்ந்து கணக்குப் போடுறார்.

வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு வேண்டுகோள். அக்காவுக்குப் போன் அடிச்சு "உங்க மகன் திருந்திட்டானா"ன்னு யாரும் கேட்காதீங்க. அறிவுரை சொல்ல ஆசைப்பட்டா எங்ககிட்ட நம்பர் வாங்கி அவனுக்கே அடிங்க, எங்க மூத்தவர் அப்படித்தான் செய்தார். வேட்டையே வேண்டாம்னு முக்கால் மணி நேரம் பேசினார், பையனும் மரியாதையா கேட்டுக்கிட்டான்.

அர்ச்சனைச் சீட்டு அக்கா பேரில் எழுதியாச்சு, காசும் கட்டியாச்சு. வர்ற சனிக்கிழமை காலை 6 மணிக்கு அடுப்படி திறக்கும், பருப்பு வெள்ளிக்கிழமை இரவே ஊற வைக்கணும், காய் வெட்ட ஆள் குறைச்சல். அக்காவை நாங்களே வீட்டுக்குப் போய் காரில் கூட்டிட்டு வர்றோம்.